லேசர் கண் சிகிச்சைக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: முக்கியக் குறிப்புகள்

பொது அறிவியலில் 'மனிதக் கண்' படிக்கும்போது லேசிக் எனும் லேசர் கண் சிகிச்சையை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். லேசர் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் ஆறுவது வீட்டில்தான். அங்கே விதிக்கப்படும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓர் அறிவியல் காரணம் உண்டு. காரணத்தோடு படித்தால் தேர்விலும் மறக்காது, வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தாலும் கைகொடுக்கும்.

அ. அடிப்படை

- கண்ணின் மொத்த ஒளிவிலகல் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். இதில் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவுடையது (விழிவெண்படலம்).
- கார்னியாவின் மையத் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். இதில் இரத்த நாளங்கள் இல்லை. ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர்ப் படலம் வழியாகக் காற்றிலிருந்து பெறுகிறது.
- கிட்டப்பார்வை, தூரப்பார்வை, அஸ்டிக்மாட்டிசம் ஆகியவற்றைச் சரிசெய்ய, லேசரால் கார்னியாவின் வளைவு மாற்றப்படுகிறது.
- எக்சைமர் லேசர்: ஆர்கான் ஃபுளூரைடு வகை, அலைநீளம் 193 நானோமீட்டர் (புற ஊதா). சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைக்கிறது.
- இந்த லேசர் உயிர்த்திசுவைத் துல்லியமாகச் செதுக்கும் என 1981-இல் கண்டறிந்தவர்கள் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ரங்கசாமி சீனிவாசன், ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். சீனிவாசன் சென்னையில் பிறந்தவர்.
- 2018 இயற்பியல் நோபல் பரிசில் பாதியை ஜெரார் மூரூ, டோனா ஸ்டிரிக்லேண்ட் பகிர்ந்தனர். அவர்கள் உருவாக்கிய மீக்குறுந்துடிப்பு லேசர் நுட்பம் கண் சிகிச்சையிலும் பயன்படுகிறது.

ஆ. மூன்று முறைகள்

- லேசிக்: கார்னியாவின் மேற்பகுதியில் மெல்லிய மடல் வெட்டித் திறக்கப்படும். உள்ளே லேசர் பாய்ச்சியபின் மடல் மூடப்படும். தையல் கிடையாது.
- பி.ஆர்.கே.: மடல் இல்லை. மேற்புற எபிதீலியம் அகற்றப்படும். அது மீண்டும் வளரும்வரை சில நாட்கள் பாதுகாப்பு கான்டாக்ட் லென்ஸ் வைக்கப்படும். வலி கூடுதல், பார்வை தெளியத் தாமதமாகும்.
- ஸ்மைல்: சில மில்லிமீட்டர் துளை வழியாக ஒரு மெல்லிய திசுத் தட்டு வெளியே எடுக்கப்படும்.

இ. முதல் 48 மணி நேரம்

- எரிச்சல், கண்ணீர் வடிதல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், வெளிச்சக் கூச்சம் ஆகியவை முதல் நாளில் இயல்பு.
- கண்ணைக் கசக்கவே கூடாது. லேசிக் மடலின் விளிம்பை எபிதீலியம் சீக்கிரம் மூடிவிடும். ஆனால் உள்ளே பிணைப்பு வலுப்பெற நெடுங்காலம் ஆகும். அதற்குள் கசக்கினால் மடல் நகரலாம், அதில் சுருக்கம் விழலாம்.
- தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும். அதனால்தான் இரவில் பிளாஸ்டிக் கவசம். மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும்.
- 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் முதல் பரிசோதனை. மறுநாளே பார்வை தெளிந்துவிட்டாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.
- அனுமதி கிடைக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

ஈ. சொட்டு மருந்து

- ஆன்டிபயாடிக்: தொற்றைத் தடுக்க. ஸ்டீராய்டு: அழற்சியைக் குறைக்க. செயற்கைக் கண்ணீர்: வறட்சியைப் போக்க.
- முறை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும். அண்ணாந்து, கீழிமையை மட்டும் மெதுவாக இழுத்து, உண்டாகும் சிறு பள்ளத்தில் ஒரு சொட்டு. கண்ணை இறுக்காமல் ஒரு நிமிடம் மூடியிருக்கவும். வழிவதைக் கன்னத்தில் ஒற்றி எடுக்கவும். இமையைத் துடைக்க வேண்டாம்.
- பாட்டில் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது. இரண்டு மருந்துகளுக்கு இடையே குறைந்தது 5 நிமிடம்.
- ஸ்டீராய்டு சொட்டை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும் தவறு, கடையில் வாங்கி நீட்டிப்பதும் தவறு. நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் உயரலாம்; கிளாக்கோமா, கண்புரை வரலாம்.

உ. நம் வீட்டில் கவனிக்க வேண்டியவை

- தலைக்குளியல்: மருத்துவர் சொன்ன நாளுக்குப் பிறகே. சலூனில் செய்வதுபோல் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ள, வேறொருவர் நீர் ஊற்றி அலசினால் சோப்பு நீர் கண்ணுக்கு வராது.
- கிணறு, குளம், நீச்சல் குளம்: 1 முதல் 2 மாதம் வேண்டாம். நீரில் வாழும் அகாந்தமீபா கார்னியாவில் கடும் தொற்றை உண்டாக்கும்.
- கண் மை, முகக் கிரீம்: சுமார் 2 வாரம் தவிர்க்க வேண்டும். நெற்றியில் திருநீறு இட்டால் துகள் உதிர்ந்து கண்ணில் விழும். அதையும் சில நாள் தள்ளிப்போடலாம்.
- தாளிப்புப் புகை, ஊதுபத்தி, ஒட்டடை அடித்தல்: முதல் வாரம் விலகியிருக்கவும்.
- தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு, பன்னீர்: கண்ணில் விடவே கூடாது. பாட்டி அன்போடு சொன்னாலும், கிருமி நீக்கம் செய்யப்படாத எதுவும் ஆறாத கார்னியாவுக்கு ஆபத்து.
- கபடி போல உடல் மோதும் ஆட்டங்கள்: குறைந்தது 4 வாரம் கழித்தே.
- வெயிலில் கறுப்புக் கண்ணாடி அவசியம். பி.ஆர்.கே. செய்தவர்களுக்குப் புற ஊதாக் கதிரால் கார்னியாவில் மங்கல் படியலாம்.

ஊ. படிப்பவர்களுக்கு

- லேசிக்கில் கார்னியா நரம்புகள் துண்டிக்கப்படுவதால் கண்ணீர்ச் சுரப்பும் இமைத்தலும் குறையும். வறட்சி பல மாதங்கள் நீடிக்கலாம்.
- திரையைப் பார்க்கும்போது இமைப்பது மேலும் குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் 20 விநாடி பார்க்கவும். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாமல் அமரவும்.
- இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது பலருக்கு மெல்லக் குறையும். பார்வை நிலைபெற 3 முதல் 6 மாதம் ஆகலாம்.
- 40 வயதையொட்டி வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது. அது விழிலென்ஸின் நெகிழ்ச்சி குறைவதால் வருவது.
- ரயில்வே லோகோ பைலட் பணிக்கான ஏ-1 மருத்துவத் தரத்துக்கு லேசிக் செய்தவர்கள் தகுதி பெற மாட்டார்கள். காவல், பாதுகாப்புப் படைகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் வேலைவாய்ப்பு அறிவிக்கையின் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படியுங்கள்.

எ. உடனே மருத்துவமனை

- குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி
- அதிகமாகும் சிவப்பு, சீழ் வடிதல்
- தெளிந்த பார்வை மீண்டும் மங்குதல்
- கண்ணில் அடி, விரல் குத்துதல்

இவற்றில் ஒன்று வந்தாலும் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்க வேண்டாம். நகர்ந்த மடலைச் சீக்கிரம் சரிசெய்வதே நல்லது. தொற்றுக்கும் முதல் சில மணி நேரம் பொன்னானது. சிகிச்சை செய்த மருத்துவமனையின் அவசர எண்ணை வீட்டில் இருவருடைய செல்பேசியிலாவது முதல் நாளே பதிந்து வையுங்கள்.