பத்தியமும் தேகாப்பியாசமும்

கடையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நம் சகோதரர்களுள் சிலர், உடல் இளைக்க வேண்டி ஆகாரத்தைப் பாதிக்கும் கீழே சுருக்கி, அதே வாரம் ஓட்டமும் தொடங்கிவிடுகின்றனர். இரட்டை லாபம் என்பது அவர்கள் கணக்கு. அதில் பிழை இருப்பதாக நாம் கருதுகிறோம்.

நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைந்த ஆகாரத்தை மருத்துவர்கள் மிகக் குறைந்த உணவு என்பர். வரவு அவ்வளவு சுருங்கினால் சரீரம் கொழுப்போடு தசையையும் கரைக்கும். முதலைத் தின்று நடத்தும் வியாபாரம் அது!

பிரிட்டனில் 2017-இல் வெளியான நீரிழிவு ஆய்வொன்றில், அந்த எல்லையை ஒட்டி, சுமார் 850 கலோரி உணவை 12 முதல் 20 வாரம் வரை கொடுத்தனர். அக்காலத்தில் வழக்கமான நடமாட்டமே போதும் என்றனர். சாதாரண உணவு திரும்பிய பின்னரே நடையைக் கூட்டச் சொன்னார்கள். ஓராண்டு முடிவில் 100-க்கு 46 பேருக்கு நோய் தணிந்திருந்தது. நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று: நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர்களே முதல் நாளில் நிறுத்தியிருந்தனர்.

நம்மவரோ மாத்திரையையும் விழுங்கி, பசியோடு ஓடுகின்றனர். இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழும். வியர்வையும் கைநடுக்கமும் கண்டால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.