கழுவுவது பாதி வேலைதான்

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது: “வாரம் தவறாமல் கழுவுகிறேன், அப்படியும் துரு ஏறுகிறது.” கழுவுவது தப்பில்லை. எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம், அது வண்டியில் எங்கே தங்குகிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் இரவு நேரத்தில் இது சாதாரணம். வண்டியில் உப்பு படிந்திருந்தால், மழையே இல்லாவிட்டாலும் இரும்பு நனைந்தபடிதான் நிற்கும்.

கடலோர ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. கழுவிக் காய்ந்ததும் டேங்க் மேல் வெள்ளைத் திட்டு தெரிகிறதா? தண்ணீரில் இருந்த உப்புதான் அது. முழுக்க நல்ல தண்ணீரில் கழுவ வசதி இல்லையென்றால், கடைசி அலசலுக்காவது ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். துணி சோப்புத்தூள் வேண்டாம், பெயிண்டின் பளபளப்பு போய்விடும். வண்டிக்கான ஷாம்பு போதும்.

எஞ்சின் ஆறிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். சைலன்சர் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள், முடிந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் சக்கர பேரிங், செயின், சுவிட்ச் மேல் நேராகப் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள்.

உடனே பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். ஸ்போக் கம்பி ரிம்மில் நுழையும் நிப்பிள், சென்டர் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கின் கொக்கி, சைலன்சர் பெண்ட் பைப், மட்கார்டின் உட்புறம், நம்பர் பிளேட் போல்ட்டு: துரு முதலில் எட்டிப்பார்ப்பது இங்கேதான். துணி நுழையாத இடுக்குகளுக்குப் பஞ்சர் கடைக் காற்று உதவும். பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, இடையிடையே பிரேக்கை லேசாக அழுத்துங்கள். சூட்டில் மிச்ச ஈரம் காய்ந்துவிடும்.

செயின் காய்ந்ததும் செயின் லூப் அடியுங்கள். ஸ்டாண்ட், ஸ்பிரிங், போல்ட்டுத் தலைகளில் எஞ்சின் ஆயிலை மெல்லியதாகத் தடவினால் போதும். பிரேக் டிஸ்க், டயரில் ஒரு சொட்டும் படக் கூடாது. சில கடைகளில் அடிப்பாகம் முழுக்க டீசல் அடிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகும், புழுதியும் அப்பிக்கொள்ளும்.

ஈரம் காயாமல் கவர் போடவே போடாதீர்கள். உள்ளே புழுங்கித் துரு இன்னும் வேகமாக வரும்.

ஸ்டாண்டு போன்ற பெயிண்ட் அடித்த பாகங்களில் காவிப் புள்ளி தெரிந்தால், உப்புக் காகிதத்தால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அது காய்ந்தபின் பெயிண்ட் அடியுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இதை முடித்துவிடுவது நல்லது. தொடர்ந்து நனையும் நாட்களில் சின்னப் புள்ளியும் தகட்டைத் தின்றுவிடும்.