மருதோன்றி: வளர்ப்பும் பேணலும்

முன்னுரை

மனைக்கொரு மருதாணிச் செடி என்பது நம் ஊர்களில் அண்மைக் காலம் வரை எழுதப்படாத வழக்கமாக இருந்தது. கிணற்றடிக்கும் கொல்லை மதிலுக்கும் இடையே அச்செடி நின்றது. பெருநாள் நெருங்கியதும் பெண்கள் அதன் இலையை உருவி, புளியும் கொட்டைப்பாக்கும் சேர்த்து அம்மியில் அரைத்தனர். பிறை கண்ட இரவில் வீட்டுச் சிறுவர் சிறுமியர் அனைவரும் கைநீட்டி அமர்ந்தனர். மணவீட்டிலும் அவ்வாறே.

இன்று பல வீடுகளில் அச்செடி நின்ற இடம் சிமெண்டுத் தளமாகிவிட்டது. கைக்கு வேண்டிய நிறம் கடையிலிருந்து ‘கோன்’ என்னும் கூம்புப் பையில் வருகிறது. அதனுள் இருப்பது மருதாணிதானா என்பதை வாங்குவோர் ஆராய்வதில்லை. செடியைக் கண்டு வளர்ந்தவருக்கே அதன் நிறம் எத்தகையது, எவ்வளவு நேரத்தில் பற்றும், எத்தனை நாள் நிற்கும் என்பன தெரியும். செடியை இழந்தபோது அவ்வறிவையும் சேர்த்தே இழக்கிறோம். ஆதலின் மருதோன்றியை வளர்க்கும் முறையையும், அதனை வளர்க்க வேண்டிய தேவையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

பெயரும் செடியும்

மருதோன்றி என்பது ஏட்டு வழக்கு. மருதாணி என்பது பேச்சில் நிலைத்த வடிவம். அழவணம், ஐவணம் என்னும் பெயர்களையும் அகராதிகள் தருகின்றன. அரபு மொழியில் இது ஹின்னா எனப்படும். வடநாட்டார் மெஹந்தி என்பர். மலாய் மக்கள் இனாய் என்பர்.

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதற்கு லாசோனியா இனெர்மிஸ் எனப் பெயரிட்டார். முற்பகுதி, அவருடைய நண்பரான ஸ்காட்லாந்து மருத்துவர் ஐசக் லாசனைக் குறிக்கும். பிற்பகுதிக்கு ‘முள்ளாகிய படைக்கலம் அற்றது’ என்பது பொருள். ஆயினும் முதிர்ந்த செடியின் சிறுகிளைகள் நுனியில் கூர்மையுற்று முள்ளாவதை இலை பறிப்போர் அறிவர். இளஞ்செடியில் மட்டுமே அப்பெயர் முழுதும் பொருந்தும். மாதுளையும் பூமருதும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

தானாக வளரவிட்டால் ஆறடி முதல் இருபதடி வரை உயரும் புதர்ச்செடி இது. இலைகள் சிறியவை, எதிரெதிராக அமைந்தவை. கிளை நுனிகளில் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். ஒவ்வொரு பூவிலும் நான்கு இதழ்களும் எட்டு மகரந்தத் தாள்களும் உண்டு. நிறம் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ, சிலவற்றில் செம்மை கலந்தோ இருக்கும். மருதாணியை இலைக்காகவே அறிந்த நம்மில் பலர் அதன் பூ மணத்தை நுகர்ந்ததில்லை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரில் இப்பூவிலிருந்து ‘குல் ஹினா’ என்னும் அத்தர் வடிக்கப்படுகிறது என்றால் அம்மணத்தின் சிறப்பு விளங்கும்.

நடும் முறை

விதையாலும் போத்தாலும் மருதாணியைப் பெருக்கலாம். விதையின் மேல்தோல் கடினமானது. ஆகவே நாள்தோறும் நீரை மாற்றிப் பல நாள் ஊறவைத்த பின்னரே நாற்றங்காலில் தூவ வேண்டும். வீட்டுத் தேவைக்குப் போத்து நடுதலே எளிது.

நன்கு வளர்ந்த செடியில் எழுதுகோல் பருமனுள்ள, மிக இளமையும் மிக முதுமையும் இல்லாத கிளையைத் தெரிந்தெடுத்து, 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் நறுக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவிற்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டப்பட வேண்டும். அடி இலைகளை நீக்கிவிட்டு, மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த பையில் பாதி புதையுமாறு நட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் காக்க வேண்டும். தலைகீழாக நட்ட போத்து பட்டுப்போகும்; எனவே நறுக்கும்போதே அடியையும் நுனியையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. துளிர் கண்டவுடன் வேர் வந்துவிட்டது என எண்ணிப் பிடுங்கிப் பார்த்தல் கூடாது. துளிர் முதலில் வரும். வேர் பின்னரே ஊன்றும். இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்து, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கி, நிலத்தில் நடலாம். மழைக்காலத் தொடக்கமே இதற்கு ஏற்ற பருவம்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி போதும். தனிச்செடியாயின் நாற்புறமும் ஐந்தடி இடம் விடுக. வேலியாயின் ஓரடிக்கு ஒன்றாக நடுக. நிலமில்லாதோர் மொட்டைமாடியில், அடியில் துளையுள்ள பெரிய தொட்டியில் வளர்க்கலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் கிடைப்பது முதன்மையானது.

நீரும் எருவும்

மருதாணி வறட்சியைத் தாங்கும் செடி. இராசத்தானின் பாலி மாவட்டத்துச் சோசத் பகுதியில் பெருமளவு மருதாணி மானாவாரியாகவே விளைகின்றது. சோசத் மருதாணிக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வெயிலும் வறட்சியும் மிக்க நிலத்து இலையே நிறம் மிகுந்தது என்பது வளர்ப்போர் கண்ட உண்மை.

ஆகவே முதலாண்டில் மட்டும் வாரம் இருமுறை நீர் விட்டால் போதுமானது. வேரூன்றிய பின் மேல்மண் நன்கு காய்ந்த பின்னரே அடுத்த நீர். தொட்டிச் செடி விரைவில் உலருமாதலின் அதற்குச் சற்று மிகுதியாக வேண்டும். வீட்டில் வளர்க்கும் மருதாணி வாடி இறப்பதற்குத் தண்ணீர்ப் பஞ்சத்தைக் காட்டிலும் வேரில் தேங்கும் நீரே பெருங்காரணம். ஆண்டுதோறும் கவாத்துக்குப் பின்னர் ஒரு கூடை மக்கிய தொழுவுரம் இட்டு மண்ணைக் கொத்திவிடுதல் நலம். கரையானும் இலை தின்னும் புழுக்களும் சில வேளை தாக்கும். சில செடிகளே உள்ள வீட்டில் புழுக்களைக் கையால் பொறுக்கி அழிப்பதே சிறந்தது. நாம் கையில் அரைத்துப் பூசும் இலைமீது பூச்சிமருந்து தெளித்தல் முறையன்று.

கவாத்து: இலையா, பூவா?

“எங்கள் வீட்டு மருதாணி பூக்கவே இல்லை” என்று கூறுவோர் உளர். பூக்கள் கிளை நுனியில் தோன்றுவன. நுனியை ஓயாது கத்தரித்து வேலியாக நிறுத்தினால் பூ தோன்ற இடமில்லை. மாறாக, கத்தரிக்காமலே விட்டால் செடி பூத்துக் காய்க்கும். ஆனால் நெடிது வளர்ந்து, அடி வெறுமையாகி, இலை கைக்கு எட்டாது போகும்.

இவ்விரண்டையும் பெற எளிய வழி உண்டு. நட்ட முதலாண்டில் செடி இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். பின்னர் ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் ஒருமுறை, முழங்காலளவு உயரத்தில் செடியின் ஒரு பாதியை மட்டும் வெட்டுக. வெட்டிய பாதி இலை தரும். வெட்டாத பாதி பூத்தரும். அடுத்த ஆண்டு மாற்றி வெட்டுக. முறையாகக் கவாத்துச் செய்யப்படும் செடி இருபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரும்.

பழுத்து மஞ்சளான இலைகளை நீக்கி, பசுமையான இலைகளையே பறிக்க வேண்டும். சேமித்து வைக்க விரும்புவோர் நிழலில் உலர்த்திப் பொடித்து, ஈரமும் ஒளியும் புகாத கலத்தில் வைத்தல் வேண்டும். மழையில் நனைந்த இலை நிறம் குன்றும்.

சிவப்பின் காரணம்

பச்சை இலை கையைச் சிவக்கச் செய்வது எவ்வாறு? இலையில் லாசோன் என்னும் நிறப்பொருளுக்கு மூலமான கூறு அடங்கியுள்ளது. இலையை அரைக்கும்போது அது லாசோனாக வெளிப்படுகிறது. புளியும் எலுமிச்சைச் சாறும் போன்ற புளிப்புப் பொருள்கள் இதற்குத் துணைபுரிகின்றன. நம் மூதாட்டியர் கைப்பக்குவமாகச் சேர்த்த புளிக்கு இதுவே விளக்கம்.

லாசோன், தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைகின்றது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேல்தோல் தடித்திருப்பதால் அங்கே நிறம் ஆழ்ந்து பற்றுகிறது. இதற்குச் சில மணி நேரம் வேண்டும். கழுவியவுடன் செம்மஞ்சளாகத் தோன்றும் நிறம், ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிர்கின்றது. மேல்தோல் உதிர உதிர ஒன்று முதல் மூன்று வாரங்களில் மறைகின்றது.

இங்கே நம் மொழி வழக்கு ஒன்று எண்ணத்தக்கது. ‘கை நன்றாகச் சிவந்திருக்கிறதா?’ என்றே தமிழர் கேட்பர். ‘கறுத்திருக்கிறதா?’ என்று எவரும் கேட்டதில்லை. மருதாணியின் இயற்கையான நிறம் யாது என்பதை அன்றாடப் பேச்சே வரையறுத்து வைத்துள்ளது.

கறுப்பு வந்த வழி

இவ்வரையறையை மீறிய பொருள் ஒன்று ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. கறுப்பாகச் சிவக்கும் மருதாணி உலகில் இல்லை. விரைவாகவும் கருமையாகவும் நிறம் பற்றப் பாரா-பினைலின்டையமின் என்னும் வேதிப்பொருள் அதில் கலக்கப்படுகின்றது. இது முடிச்சாயங்களில் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்தப்படுவது. தோலில் நேரடியாகப் பூசத்தக்கதன்று. இதனால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தோன்றி, வரைந்த கோலத்தின் வடிவிலேயே தழும்பு நிலைத்துவிடுகிறது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பின்னாளில் முடிச்சாயம் இட்டாலும் கடுமையாக வெளிப்படலாம். முதன்முறை ஒன்றும் நேரவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

நரைமுடிக்கு நிறமூட்ட மருதாணியையும் கதம் என்னும் இலையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியதாக நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். அவ்வழி நின்று தாடிக்கு மருதாணி இடும் பெரியோர்களும், பொட்டலத்தில் ‘மருதாணி’ என்ற சொல் இருப்பதை மட்டும் கண்டு அமையாது, அதனுள் கலந்திருப்பவற்றைப் படித்தறிதல் வேண்டும்.

கோனை வாங்குவோர் மூன்றைக் கவனிக்கலாம். ஒரு மணி நேரத்திற்குள் கறுப்பாகப் பற்றினால் ஐயுறுக. பெட்ரோல் போன்ற நெடி வீசினால் ஒதுக்குக. குளிரூட்டாமல் மாதக்கணக்கில் கடையில் கிடந்தும் கெடாதது, இலையை மட்டும் அரைத்த விழுதாக இருத்தல் இயலாது. அரிப்பு தோன்றினால் உடனே கழுவிவிட்டு மருத்துவரை அணுகுக.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குத் தூய மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். எனவே கைக்குழந்தைகளுக்கு மருதாணி இடுவதைத் தவிர்த்தலே அறிவுடைமை.

முடிவுரை

2024ஆம் ஆண்டு திசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், 16 அரபு நாடுகள் இணைந்து முன்வைத்த மருதாணி மரபினை மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வழக்கம் போற்றப்படுகிறது, மகிழ்ச்சியே. ஆனால் அவ்வழக்கத்திற்கு மூலமான செடி நம் கொல்லையில் இல்லையெனில், வருங்காலத்தார் கைகளில் எஞ்சுவது கடைச்சரக்கின் கோலமே.

ஒரு போத்து, ஒரு பை மண், மூன்று மாதப் பொறுமை ஆகிய இவ்வளவே இதற்கான செலவு. மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் வரும் மழைக்காலத்தில் ஒரு போத்து நடுவார்களாக. கொல்லையில் பழஞ்செடி உடைய பெரியோர், மணவிழாவிற்கு வருவோருக்குத் தாம்பூலத்தோடு ஒரு மருதாணிக் கன்றையும் வழங்கலாம். நம் கல்வி நிலையங்களின் முள்கம்பி வேலியை ஒட்டி மருதாணியை வரிசையாக நட்டால், சில ஆண்டுகளில் அது உயிர்வேலியாகும். பெருநாள் முந்திய நாளில் அக்கம்பக்கத்தார் வந்து இலை உருவிச் செல்லவும் உதவும்.