புத்தகம் கட்டப் பழகுவோர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆசிரியர் எவரையும் அண்டாமல், ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் காகிதத்தையும் ஊசி நூலையும் வாங்கி வந்து, தம் வீட்டு மேஜையிலேயே புத்தகம் கட்டப் பழகும் அன்பர்களிடம் சில நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கக் காண்கிறேன். அவற்றில் மிகப் பிடிவாதமானது, புத்தகத்தைத் தாங்கி நிற்பது பசையே என்பது. முதுகில் சூட்டுப்பசை தடவி ஒட்டிய பாடநூல்களையே சிறு வயது முதல் கண்டு வந்தவர்களுக்கு இந்த எண்ணம் எழுவது சகஜந்தான். ஆனால் அதே பாடநூல் ஆண்டு முடிவதற்குள் ஏடு ஏடாகக் கழன்று விழுவதையும் அவர்களே கண்டிருக்கிறார்கள்.

உண்மையில் எது தாங்குகிறது என்பதற்கு ஒரு சான்று: 1966 நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியில் ஆர்னோ நதி கரைபுரண்டு பிளாரன்ஸ் நகரத்துத் தேசிய நூலகத்துள் புகுந்தபோது, லட்சக்கணக்கான நூல்கள் சேற்றிலும் எண்ணெயிலும் ஊறிப்போயின. மீட்புப் பணிக்குச் சென்றவர்களுள் ஒருவரான கிறிஸ்டபர் கிளார்க்சன் என்னும் ஆங்கில நிபுணர், மற்றக் கட்டுமானங்கள் உருக்குலைந்து கிடக்க, வளைந்து கொடுக்கும் மெல்லிய தோலுறைக்குள் பசையை அநேகமாக நாடாமல் தைத்தே கட்டிய பழைய புத்தகங்கள் பல, அதிக சேதமின்றித் தப்பியிருந்ததைக் கவனித்தார். தாங்கி நின்றது தையல். பசை அதற்குத் துணை மாத்திரமே.

ஆகவே முதலில் பழக வேண்டியது தையல். நான்கு தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒரு பாரம் ஆகிறது. அதன் மடிப்பு ரேகையில் குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகில் இழுத்த நூலை உள்ளும் புறமுமாக ஓட்டி, கடைசித் துளையில் வெளிவந்ததும் முந்திய பாரத்தின் தையலுக்கு அடியில் கொடுத்து வாங்கி, முடிச்சிட்டு, அடுத்த பாரத்துக்கு ஏறவேண்டும். நூலை இறுக்கும்போது மடிப்பு ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். உங்களை நோக்கி இழுத்தால் துளை கிழிந்து, பட்ட சிரமமெல்லாம் விருதாவாகும். இரும்புப் பின் அடித்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. சென்னையிலிருந்து வந்த பழைய மலிவுப் பதிப்பு ஒன்றை நம் ஊர் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்க்கட்டும்: பின் துருவேறி, அதைச் சுற்றிக் காகிதம் பழுப்புக் கறை படிந்து உதிர்ந்துகொண்டிருக்கும்.

பசை கூடினால் பலம் கூடும் என்பதும் பிரமையே. நம் பிரதேசத்தில் காலை வேளைகளில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 90 விழுக்காட்டைத் தொடுகிறது; பூஞ்சணத்துக்கோ 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே போதும். மைதாப் பசையைத் தாராளமாகப் பூசி, உலரும் முன்பே பிளாஸ்டிக் உறைக்குள் இட்டுப் பத்திரப்படுத்துகிறவர், பூஞ்சணத்தை விருந்துக்கு அழைக்கிறார். அட்டை வளைவதற்கும் காரணம் இந்த ஈரமே. வெளிப்புறம் ஒட்டிய துணி உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உட்புறமும் தாள் ஒட்டி எதிர்த்து இழுக்கச் செய்தாலன்றி அவ்வளைவு நிமிராது.

காகிதத்தை எப்படி மடித்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. அந்த நாரோட்டத்துக்கு இணையாக மடித்தால் தாள் இணங்குகிறது, குறுக்கே மடித்தால் முரண்டு பிடிப்பதோடு, ஈரக் காற்றில் முதுகோரம் அலை அலையாய் நெளிந்தும் விடுகிறது. கடைகளில் விற்கும் ஏ4 தாளில் நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், அதை இரண்டாக மடித்துச் சிறு புத்தகம் செய்பவர் ஒவ்வொரு தாளையும் குறுக்கேதான் மடிக்கிறார். நீளவாக்கில் நாரோடும் ஏ3 தாளைத் தேடி வாங்கி, இரண்டாக வெட்டிக்கொண்டால் இச்சங்கடம் தீரும். திசையில் சந்தேகம் வந்தால், ஒரு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள். அது குழலாய்ச் சுருளும். குழலின் நீளவாக்கே நாரோட்டம்.

அழுத்துப் பொறி இல்லாமல் ஆகாது என்பதற்கு, இரண்டு பலகைகளும் நாலைந்து செங்கற்களும் போதும் என்பதே பதில்.

குருகுலவாசம் இன்றி இக்கலை வராது என்போர் விஞ்ஞானி மைக்கேல் பாரடேயை எடுத்துக்காட்டுவர். 1805இல், 14 வயதில், லண்டனில் ஜார்ஜ் ரீபோ என்னும் பைண்டரிடம் அவர் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்ததும், பின்னர் இரசாயன விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகளைப் புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பி, 1813இல் அவருடைய உதவியாளராக அமர்ந்ததும் மெய்தான். ஆனால் அந்த ஏழாண்டு, தோல் சீவுவதும் பொன்னெழுத்துப் பொறிப்பதும் உட்பட, பிறர் காசு கொடுத்து வாங்கும் தரத்தில் விரைந்து செய்வதற்கான ஜீவனோபாயப் பயிற்சி. வீட்டுப் பஜனைப் பாட்டுகளையோ கோயில் சபைக் குறிப்புகளையோ கட்டிக்கொள்ள விரும்புகிறவருக்கு அது அவசியமில்லை. (நூலைத் தப்பாக இழுக்கும் கையைத் தட்டி நிறுத்த ஒருவர் பக்கத்தில் இருப்பது பாக்கியந்தான், அதை நான் மறுக்கவில்லை.)

நனைந்த புத்தகத்தை வெயிலில் விரிப்பது மற்றொரு பழக்கம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளத்தை அறிந்த ஜொகூர் மாநிலத்தில் இது சிறிய விஷயம் அன்று. வெயில் மேலேட்டை முறுக்கிவிடும். உள்ளே தங்கிய ஈரத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், ஏடுகளுக்கிடையே உறிஞ்சு தாள் வைத்து மாற்றி மாற்றி உலர்த்துவதே முறை. நனைந்தவை ஏராளமாயிருந்து உடனே கவனிக்க இயலாவிடில், ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையிலிட்டு ஐஸ்பெட்டியின் மேலறையில் உறையவிட்டு, பிறகு ஒன்றொன்றாக எடுத்து உலர்த்தலாம். வழவழப்பான படத்தாள் கொண்ட புத்தகங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அவை ஈரத்தோடு ஒட்டி உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் எவராலும் பிரிக்க இயலாது.