பழைய மகிழுந்துக்கு ஏற்ற சக்கரம்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள லோரோங் கூலிட் சந்தை பழம்பொருள்களுக்குப் பெயர் பெற்றது. கண்ணுக்குப் பிடித்த பழைய கடிகாரத்தை அங்கே உடனே வாங்கிவிடலாம். ஆனால், பழைய மகிழுந்துக்கான சக்கரத்தை அப்படி வாங்கக்கூடாது. பயணிப்போரின் உயிர் அதை நம்பியே இருக்கிறது.

முதலில், சக்கரத்தின் திருகாணித் துளைகளை எண்ண வேண்டும். அடுத்து, அத்துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தை அறிய வேண்டும். தொடக்கக்கால வோக்ஸ்வேகன் பீட்டலின் சக்கரத்தில் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து துளைகள் இருந்தன. பிற்கால மாதிரிகள் பலவற்றில் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு துளைகளே உள்ளன. பெயர் ஒன்றாயினும் ஒன்றன் சக்கரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

துளைகள் பொருந்தினால் மட்டும் போதுமா? 1948இல் அறிமுகமான மோரிஸ் மைனரையும் 1959இல் அறிமுகமான மினியையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இரண்டிலும் 101.6 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு துளைகள் இருந்தன. எனினும், மைனரின் சக்கரம் 14 அங்குலம். தொடக்கக்கால மினியின் சக்கரமோ 10 அங்குலம். எனவே, சக்கரத்தின் விட்டத்தையும் அகலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இறுதியாக, வண்ணப்பூச்சின் அடியில் துருவோ விரிசலோ மறைந்துள்ளதா எனச் சோதிக்க வேண்டும். துளைகளைச் சுற்றி விரிசல் கண்ட சக்கரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தவிர்ப்பதே நன்று. ஆழமறியாமல் காலை விடக்கூடாது. அளவறியாமல் சக்கரத்தையும் மாட்டக்கூடாது.