மெய்நிகர்ப் பொறிகளின் இருப்புக் கணக்கு

பள்ளி ஆய்வுக் கூடத்தில் ஆண்டுக்கொரு முறை இருப்புச் சரிபார்ப்பு நடைபெறுவதை ஆசிரியர் அனைவரும் அறிவர். குடுவை, தராசு, நுண்ணோக்கி ஆகியவற்றைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுக் கையொப்பமிடுகிறோம். கையால் தொட முடியாத பொருளை எவ்வாறு சரிபார்ப்பது? கணினிக் கூடங்களில் இன்று எழும் வினா இதுவே.

ஆற்றல் மிக்க ஒரு கணினியின் நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனிக் கணினி போலவே இயங்குமாறு செய்யலாம். அத்தகைய பங்கே மெய்நிகர்ப் பொறி எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே தம் பெருங்கணினிகளில் இம்முறையை வகுத்து, 1972-இல் விஎம்/370 என்னும் அமைப்பை வெளியிட்டனர். பொறிகளைச் சுமக்கும் கணினியை இங்குத் 'தாங்கி' என்று குறிக்கிறேன். 'ஓம்புநர்' என்று எழுதுவாரும் உளர்; விருந்தோம்பும் பண்பினை இரும்புப் பெட்டிக்கு ஏற்றிக் கூற எனக்கு மனம் ஒப்பவில்லை.

புதுப் பொறி ஒன்றை அமைக்கச் சில நிமிடங்கள் போதும். கொள்முதல் ஆணை வேண்டா. வண்டியில் வந்து இறங்குவதும் இல்லை. ஆதலின், சோதனைக்கென அமைக்கப்பட்ட பொறி, அமைத்தவர் மாற்றலாகிச் சென்ற பின்னும் யாரும் அறியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். அது நினைவகத்தை உண்பது ஒருபுறமிருக்க, பாதுகாப்புத் திருத்தங்கள் இடப்படாத அப்பொறியே தீயோர் உட்புகும் வாயிலாகவும் அமையும்.

விஎம்வேர் அமைப்பில் இக்கணக்கை எடுக்கப் பவர்சிஎல்ஐ என்னும் கட்டளைத் தொகுதி உள்ளது. அது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பவர்ஷெல் மொழியில் இயங்குவது. கணக்கிற்கு வேண்டிய நிரல் நான்கே படிகளில் அடங்கும். 'கனெக்ட்-விஐசர்வர்' என்னும் கட்டளை வீசென்டர் என்னும் மேலாண்மைக் கணினியுடன் தொடர்பு கொள்கிறது. 'கெட்-விஎம்' பொறிகள் யாவற்றையும் பெற்றுத் தருகிறது. 'செலக்ட்-ஆப்ஜெக்ட்' பெயர், மின்நிலை, செயலி எண்ணிக்கை, நினைவகம், தாங்கியின் பெயர், குறிப்பு முதலாய பத்திகளை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. இறுதியில் 'எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி' அவற்றை அட்டவணைக் கோப்பாக எழுதிவைக்கிறது. ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளைக்குக் கடத்த, இடையே ஒரு நெடுங்கோடு இட்டால் போதும். இப்பணிக்குப் பார்வையிடும் உரிமை மட்டுமே உடைய பயனர் கணக்கைப் பயன்படுத்துதல் நன்று; எண்ண வந்தவர் கையில் அழிக்கும் உரிமை எதற்கு?

நிரல் எழுதுவது எளிது. அது தரும் அட்டவணையைப் பிழையின்றிப் படிப்பதிலேதான் கவனம் வேண்டும்.

முதலில் வட்டின் அளவை நோக்குவோம். ஒரு பொறிக்கு 100 ஜிகாபைட் ஒதுக்கப்பட்டு, அது 30 ஜிகாபைட்டை மட்டும் நிரப்பியிருக்கலாம். 'மென்மை ஒதுக்கீடு' என்னும் முறையில் நிரப்பிய அளவே சேமிப்பகத்தில் இடம் பெறும். அத்தகைய பொறிகள் பத்து எனில், வாக்களித்தது 1,000, செலவானது 300. சேமிப்பகம் 500 ஜிகாபைட்டே எனில், செலவை மட்டும் பார்ப்பவர் இடம் மிகுதியாயுள்ளதென்று மகிழ்வார். பொறிகள் வளர்ந்து சேமிப்பகம் நிரம்பும் நாளில், மேலும் இடம் வேண்டிய பொறிகள் நின்றுவிடும். ஆதலின் அறிக்கையில் இரு பத்திகளும் இருத்தல் வேண்டும்.

இயக்குதளத்தின் பெயரும் இவ்வாறே ஏமாற்றும். பொறியை அமைத்தபோது குறித்த பெயர் ஒன்று. உள்ளே உண்மையில் இயங்குவது மற்றொன்றாக இருக்கலாம். உண்மைப் பெயரும் வலை முகவரியும் பொறிக்குள் விஎம்வேர் டூல்ஸ் என்னும் துணைநிரல் இயங்கினால்தான் கிடைக்கும். அணைக்கப்பட்ட பொறியின் முகவரிப் பத்தி வெறுமையாயிருத்தல் இயல்பே; அதனைக் கண்டு பொறியைப் பயனற்றதெனக் கொள்ளலாகாது. ஆண்டிறுதிக் கணக்கிற்காக மட்டும் இயக்கப்படும் பொறி பதினொரு திங்கள் உறங்கிக் கிடக்கும். ஒரு பொறிக்கு முகவரிகள் பல இருப்பின், அவற்றை ஒரே சொற்றொடராக இணைத்த பின்னரே கோப்பில் எழுத வேண்டும். இல்லையேல் முகவரிகளுக்கு மாறாக அவற்றின் வகைப்பெயர் மட்டுமே பத்தியில் தோன்றும். மேலும், வார்ப்புருவாக மாற்றி வைத்த பொறிகளைக் 'கெட்-விஎம்' காட்டாது; அவற்றிற்குக் 'கெட்-டெம்ப்ளேட்' என்னும் தனிக் கட்டளை உண்டு.

தமிழில் குறிப்பு எழுதுவோர்க்கு ஒரு செய்தி. விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் 'எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி' இயல்பாக ஆஸ்கி முறையில் எழுதுவதால், தமிழெழுத்துக்கள் யாவும் வினாக்குறிகளாகிவிடும். யூடிஎஃப்-8 என்று குறியேற்ற முறையைக் கட்டளையிலேயே குறிப்பிட வேண்டும். என் கண்ணில் முதலில் பட்டது இக்குறையே என்பதில் வியப்பில்லை.

திங்கள்தோறும் எடுத்த அறிக்கையை முன் திங்களின் அறிக்கையுடன் ஒப்பிட்டால் புதியனவும் மறைந்தனவும் வெளிப்படும். ஒப்பிடுகையில் பெயரை நம்பாது, பொறியின் நிலையான அடையாள எண்ணைக் கொள்க. பெயரை எவரும் எப்போதும் மாற்றலாம். குறிப்புப் பத்தியில் பொறுப்பாளரின் பதவி எழுதப்படாத பொறிகளைத் தனியே பிரித்து, அவை யாருடையவை என்று அலுவலகந்தோறும் வினவுக. அவ்வினாவிற்கு விடை தரும் நிரல் எதுவும் இல்லை.