குப்பை வண்டி கற்பிக்கும் பாடம்

“படிக்காவிட்டால் குப்பை லொறியில்தான் வேலை” என்று பிள்ளைகளை அச்சுறுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த லொறியைப் பற்றி நாம் எவ்வளவு அறிவோம்? இன்று அதனையே பாடமாகக் கொள்வோம்.

முன்னாளில் நகரக் குப்பையைக் குதிரை வண்டிகளே சுமந்தன. பாரிஸ் நகரில், வீட்டுக் கழிவை மூடியுள்ள தொட்டிகளில் இட்டு வைக்கவேண்டுமென 1883இல் மாவட்ட அதிபர் பூபெல் ஆணையிட்டார். பிரெஞ்சு மொழியில் இன்றும் குப்பைத் தொட்டிக்குப் பூபெல் என்றே பெயர். 1897இல் இலண்டனை அடுத்த சிசிக் நகரசபைக்காக, நீராவியால் இயங்கும் குப்பை வண்டியைத் தோர்ணிகுரொவ்ற் நிறுவனம் செய்தளித்தது.

குப்பையைக் குவித்தால் இடையிடையே வெற்றிடமே மிகுதி. ஆகவே 1938இல் அமெரிக்காவின் கார்வூட் நிறுவனம், குப்பையை நசுக்கி அடக்கும் வண்டியை வெளியிட்டது. இத்தகைய வண்டிகளின் வலிமை பஸ்காலின் விதியிலிருந்து பிறக்கிறது. அடைத்த திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எவ்விடத்திற்கும் குறையாமற் பரவும். ஒரு சதுர சென்ரிமீற்றர் முகமுள்ள முசலத்தை ஒரு கிலோ எடையால் அழுத்தினால், நூறு சதுர சென்ரிமீற்றர் முகமுள்ள முசலம் நூறு கிலோ எடையைத் தாங்கும். வண்டியிலுள்ள பம்பி எண்ணெயை உருளைகளுட் செலுத்த, இரும்புத் தகடு குப்பையை வாரி உள்ளே தள்ளி நசுக்குகிறது.

அவ்வலிமைக்குக் குப்பையும் மனித உடலும் ஒன்றே. 1968 பெப்ரவரி 1ஆம் திகதி அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்க வேறிடமின்றி வண்டியின் பின்புறத்திற் புகுந்த எக்கோல் கோல், றொபேட் வாக்கர் என்னும் கறுப்பினத் தொழிலாளர் இருவர், நசுக்கும் பொறி தற்செயலாக இயங்கியதால் மாண்டனர். அம்மாதம் 12ஆம் திகதி ஏறக்குறைய 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். “நான் ஒரு மனிதன்” என்னும் வாசகத்தை ஏந்தி அவர்கள் வீதியில் நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4ஆம் திகதி அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். தொழிற்சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் பெற்று, ஏப்ரல் 16ஆம் திகதி போராட்டம் முடிவுற்றது.

இன்றைய வண்டிகளின் பின்புறத்தில் அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் காணலாம். பொறியின் வலிமையைக் கணிப்பது அறிவு. அதன் அருகில் நிற்பவரை நினைப்பதே அவ்வறிவின் பயன்.

பெற்றோரே, இந்நாட்டிற்கு வந்த புதிதில் நம்மிற் பலர் துடைப்பம் ஏந்தியே குடும்பம் காத்தோம். அதனை மறந்து, அத்தொழிலைக் காட்டிப் பிள்ளைகளை அச்சுறுத்தலாமா? மாணவர்களே, அடுத்தமுறை வாசலில் அவ்வண்டி வந்து நிற்கும்போது, இறங்கி வருபவருக்கு வணக்கம் கூறுங்கள்.